கத்திரிப்பூச் சட்டைக்காரியும் கம்பெனியை விட்டுப் போன சாரும்

செல்போன் கடையில் ப்ரொமோட்டராக நிற்பது, ஆறு மருமகள்கள் ஒரே அடுப்பில் சமைப்பது மாதிரி. கடை ஒன்று, கம்பெனி ஆறு, சட்டை ஆறு நிறம். நமக்குச் சம்பளம் தருவது கடைக்காரர் இல்லை, சட்டையில் பெயர் போட்டிருக்கிற கம்பெனி. உள்ளே வருகிறவரை நம் கவுண்டர் பக்கம் வரவழைக்க வேண்டும். ஆனால் இழுத்த மாதிரி தெரியக் கூடாது. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆனால் களைத்த மாதிரி தெரியக் கூடாது. என்னோடு நிற்கிற சட்டைக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

என் சட்டை கத்திரிப்பூ நிறம். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் கடை இருக்கிற ஆவடியில் ஒருத்தரும் அதைச் சரியாகச் சொன்னதும் இல்லை; "கத்திரிப்பூ கம்பெனி" என்றுதான் கேட்டு வருவார்கள். நான் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்து, கல்யாணமாகி ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டுக்கு வந்தவள். மகள் யாழினி எல்.கே.ஜி. மதியம் மூன்றரைக்குப் பள்ளி வேன் அவளைக் கடை வாசலில் இறக்கிவிடும். ஐந்தரைக்கு அவள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கூட்டிப்போவார். நடுவில் இரண்டு மணி நேரம் ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து படம் வரைவாள். "குழந்தைதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொன்ன ஓனர் அண்ணனால்தான் என் வேலை ஓடுகிறது. வேறு எந்தக் கடைக்கு மாற்றினாலும் வேலையை விட வேண்டியதுதான். கவுண்டரில் என்ன நடந்தாலும் எனக்கு முதலில் இந்த நினைப்புதான் வரும்.

குக்கர் பரீட்சை

எங்கள் போனுக்கு ஒரு விசேஷம் இருந்தது. முதுகில் ஒரு சின்ன மேடு. நெல்மணி உயரம்தான் இருக்கும், சுண்டுவிரலில் பாதி நீளம். போனைக் கையில் எடுத்தால் ஆள்காட்டி விரல் தானாக அதில் போய் உட்காரும், நழுவாது. இதை வைத்தவர் கம்பெனியின் தலைமை டிசைனர். வாயில் நுழையாத பெயர் என்பதால் நாங்கள் "சார்" என்றே சொல்வோம். சார் ஆறு மாதம் பஸ்ஸிலும் சந்தையிலும் நின்று, ஜனங்கள் எப்படிப் போன் பிடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மேடு வைத்தாராம். ட்ரெயினிங்கில் இதைச் சொன்னபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாம் போன் பிடிப்பதையெல்லாம் ஒரு மனுஷன் நின்று பார்த்திருக்கிறானே!

அதை விற்க நான் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். கடையில் இலவசப் பரிசாகக் கொடுக்கிற குக்கர் பெட்டியை எடுத்து வாடிக்கையாளரின் இடுப்பில் வைப்பேன். "இதுதான் உங்க பிள்ளை. இப்போ ஒரு கையால போனை எடுத்து, கட்டை விரலால நம்பர் போடுங்க." போடுவார்கள். போன் விழாது. பில் போடப் போய்விடலாம். ஒருநாள் பட்டாபிராமிலிருந்து வந்த ஓர் அம்மாவை இப்படி நிறுத்தி, மேட்டைப் பற்றி, சாரைப் பற்றி, சந்தையில் சார் நின்றதைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்த பெட்டியை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

"போன் கெடக்கட்டும் பாப்பா, இந்தக் குக்கரு எத்தினி லிட்டரு?"

மாப்பிள்ளை

சாரின் ஆளுயர அட்டைப் படம் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. கண்ணாடி, கறுப்புச் சட்டை, மார்பில் கட்டிய கை. கவுண்டர் பக்கத்தில் நிற்கவைத்திருந்தோம். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, பில் மிஷினுக்கு வைத்த கையோடு சாருக்கும் நெற்றியில் வைத்துவிட்டார் ஓனர் அண்ணன். அழித்தால் அட்டை பிய்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டோம். பொட்டோடு சார் இன்னும் களையாகத்தான் இருந்தார்.

குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மா போன் பார்க்க வந்தார். போனைவிடச் சாரைத்தான் அதிகம் பார்த்தார். எந்த ஊர், என்ன படிப்பு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது மேடு மட்டும்தான். அதைச் சொன்னேன்.

"சரிம்மா, போனை நான் அடுத்த மாசம் வாங்கிக்கறேன். அந்தப் பையன் ஜாதகத்தை மட்டும் இப்பவே கேட்டு வை."

குரூப்பில் வந்த சேதி

ஒரு காலையில், ஷட்டர் திறந்து விளக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏரியா மேனேஜரிடமிருந்து நாலு வரி. சார் கம்பெனியை விட்டு விலகிவிட்டார். இனி விற்பனையில் அவர் பேரை யாரும் சொல்லக் கூடாது. "எங்கள் குழு வடிவமைத்தது" என்று சொல்ல வேண்டும். அட்டைப் படத்தை இன்றே எடுத்துவிட்டு, எடுத்ததற்கு போட்டோ அனுப்ப வேண்டும். கீழே நூற்று எழுபது பேர் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். வேறு என்ன போடுவது?

சாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டாக் ரூமுக்கு நடந்தேன். அட்டைதான், ஆனாலும் கனத்தது. எதிரே பச்சைச் சட்டைக் கவுண்டரில் முரளி. வில்லிவாக்கத்துப் பையன், வாய் ஓயாது. "இன்னா க்கா, மாப்ளய எங்க தூக்கினு போற?" என்றான். நாலு நாள் கழித்து அவனே ஓடிவந்து போனில் ஒரு செய்தியைக் காட்டினான். சார் அவனுடைய கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அயாத க்கா. இனிமே அவுரு என் கவுண்டருல நிப்பாரு, நீ தெனம் வந்து பாத்துக்கோ."

வீட்டில் ஒரு ஆறுதல்

அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். காரணம் கேட்டார், சொன்னேன். யாரோ ஒரு டிசைனர், நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. அவர் போனதற்கு இங்கே உப்பில்லாத சாம்பார் என்பது என் வீட்டுக்காரருக்குப் புரியவேயில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"எங்க ஃபோர்மேன் ரிட்டயர் ஆனப்ப நாங்க மாலை போட்டு வேன்ல ஏத்திவிட்டோம். மறுநாள் லேத்து ஓடாம நின்னுடுச்சா என்ன? நீ நாளைக்கு உப்புப் போடு."

ஊஞ்சல்

லேத்து நிற்கவில்லைதான். ஆனால் புது மாடல் வந்தது.

கண்ணாடி மாதிரி பளபளப்பு. முதுகு தட்டையோ தட்டை. மேட்டைக் காணோம். திருப்பிப் பார்த்தேன், பெட்டிக்குள் தனியாகக் கொடுத்திருக்கிறார்களோ என்றுகூடத் தேடினேன். ஏரியா மேனேஜர் அன்றைக்கு நேரில் வந்து நின்று, "உங்க டெமோ சூப்பர்னு கேள்விப்பட்டேன் மேடம், பண்ணுங்க பார்ப்போம்" என்றார். அந்த நேரம் போன் பார்க்க வந்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். நமக்குத்தான் கை பழகிப்போயிருக்கிறதே! வாத்தியாரின் இடுப்பில் குக்கர் பெட்டியை வைத்தேன், கையில் போனைக் கொடுத்தேன், "நம்பர் போடுங்க சார்" என்றேன். இது பழைய மாடல் இல்லை என்பது ஞாபகம் வந்தபோது போன் அவர் கையில் இல்லை. திருட்டுப்போகாமல் இருக்க டெமோ போனைக் கட்டியிருப்போமே, அந்த ஒயரில் தொங்கி, கவுண்டருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மேனேஜர் கூரையைப் பார்த்தார். வாத்தியார் அது ஆடி நிற்கிறவரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"இது ஊஞ்சல் மாடலாம்மா?"

நசரத்பேட்டை

வாத்தியார் போனதும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தக் கடையில் விற்பனை படுத்துவிட்டதாம். அடுத்த சனிக்கிழமைக்குள் புது மாடல் பத்து போகவில்லை என்றால் கவுண்டரை எடுத்துவிடுவார்கள். என்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்களாம், பயப்பட வேண்டாமாம். நசரத்பேட்டைக்கு மாற்றுவார்களாம், பெரிய கடை, ஏசி, உட்கார நாற்காலிகூட உண்டாம். எனக்கு நாற்காலி தெரியவில்லை. மூன்றரை மணிக்கு யாழினி வேனிலிருந்து இறங்கி, தண்ணீர் பாட்டிலும் பையுமாக யாரைத் தேடுவாள் என்பதுதான் தெரிந்தது. பச்சைச் சட்டைக்குப் போய்விடலாமா என்று முரளி மூலமாக விசாரித்தேன். இடம் இருந்தது, பூந்தமல்லியில். அதுவும் அந்தப் பக்கம்தான்.

ஒரு வாரம் அவகாசமாவது கூட்டிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். நல்ல மனுஷன்தான், பெருமூச்சு விட்டார்.

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல மேடம். போன்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

சாரின் புது போன்

அதே வாரம் பச்சைக் கவுண்டரில் சாரின் புது போன் வந்து இறங்கியது. பலூன் கட்டினார்கள், கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன், கேக் என்ன பாவம் செய்தது? கூட்டம் கலைந்ததும் முரளி கண்ணைக் காட்டினான். நான் குக்கர் பெட்டியோடு போனேன். இது நம் தொழிலில் பெரிய குற்றம். ஒரு சட்டை இன்னொரு சட்டையின் கவுண்டருக்குள் போகக் கூடாது.

எடுத்தேன், விரலால் தேடினேன். மேடு இல்லை! முன்னும் பின்னும் வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி. சார் போன இடத்தில் மேடு வைக்க முடியாதாம், அது எங்கள் கம்பெனி பேரில் பதிவாகியிருக்கிறதாம். எங்கள் கம்பெனிக்கோ அது பழசாகிவிட்டதாம். முரளி இடுப்பில் பெட்டியை வைத்துக்கொண்டு அவனே பிடித்துப் பார்த்தான். இரண்டு முறை ஒயரில் தொங்கியது.

"மேடு உன் கம்பெனியில மாட்டிகினுச்சு, மூள என் கம்பெனிக்கு வந்துட்ச்சு. நடுவுல போனு கீய வுயுது, பாத்துக்கோ."

வசந்தா அக்கா

வியாழக்கிழமை வரை ஐந்துதான் போயிருந்தது. மதியம் வசந்தா அக்கா வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஸ்ஸில் பார்சல் கட்டுகிறவர். நான் சேர்ந்த புதிதில் முதல் போன் வாங்கியவர். அப்புறம் புருஷனுக்கு, தம்பிக்கு என்று எல்லாருக்கும் கத்திரிப்பூதான். இப்போது நர்சிங் சேரப்போகும் மகளுக்கு வேண்டும் என்றார். குக்கர் பெட்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். "அக்கா, நான் முன்னெல்லாம் சொல்வேனே, அந்த சார் போயிட்டாரு. மேடும் போயிடுச்சு. இது வழுக்கும். மத்தபடி பேட்டரி, கேமரா எல்லாம் முன்னைவிட நல்லாவே இருக்கு. வேற கவுண்டர் பார்க்கணும்னா பாருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." சொல்லும்போதே மனசுக்குள் நசரத்பேட்டை பஸ் ஏறிவிட்டேன்.

வசந்தா அக்கா போனை வாங்கித் திருப்பினார், புரட்டினார். "ஆமா, வயுக்குது" என்றார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். பார்சல் கட்டுகிறவர்களின் கையில் வளையல் இருக்கிறதோ இல்லையோ, ரப்பர் பேண்ட் பத்துப் பதினைந்து இருக்கும். அதில் இரண்டைக் கழற்றி, கேமராவுக்குக் கீழே, விரல் உட்காருகிற அதே இடத்தில், நடுவில் ஒரு விரல் அகலம் விட்டுச் சட் சட்டென்று மாட்டினார். குக்கர் பெட்டியை அவரே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மகளுக்கு நம்பர் போட்டார். இரண்டு குலுக்கு குலுக்கினார். போன் அசையவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எதிர்க் கவுண்டரில் முரளியும்.

"செஞ்சவன் போனா போறான், வுடுடி. புடிக்கிறவ நான் இங்கதானே கீறேன்?"

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ஒரு பொட்டலம் ரப்பர் பேண்ட் வாங்கினேன். அதிலும் கத்திரிப்பூ நிறமாகப் பொறுக்கி எடுத்தேன், சும்மா விடுவோமா? குக்கர் பரீட்சை மறுபடி தொடங்கியது. சனிக்கிழமை மேனேஜர் வந்தபோது கணக்கு ஒன்பது. பத்தாவது ஆள் கையில் போனை வைத்துக்கொண்டு, "வெள்ளை கலர் இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் போயேவிட்டார். மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அரை மணி முன்னால்தான் யாழினி ஸ்டாக் ரூமிலிருந்து எட்டிப்பார்த்து அவருக்கு டாட்டா காட்டியிருந்தாள்.

அவர் டெமோ போனைக் கையில் எடுத்தார். ரப்பர் பேண்டைச் சுண்டிப் பார்த்தார். கம்பெனி போனில் இந்த மாதிரி எதையும் மாட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, எனக்கும் தெரியும். வசவுக்குத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் அதை ஒரு போட்டோ எடுத்தார். தன் சொந்த போனை, அதுவும் அதே புது மாடல், கவுண்டர்மேல் என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"பொங்கல் வரைக்கும் கவுண்டர் இருக்கட்டும் மேடம். இதுக்கும் ரெண்டு மாட்டிவிடுங்க, நானும் நாலு தடவை கீழ போட்டுட்டேன்."

ஆக, டிசைனர் போன பிறகும் ஒரு கம்பெனியை விடாமல் பிடித்துக்கொள்ள நானறிந்த வழி இரண்டுதான்: ஒன்று போனின் முதுகில் மேடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்கிறவளுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் இருக்க வேண்டும்.