செத்தவனிடம் கார்த் திறப்பு

கோடைக்காலச் சனிக்கிழமைகளில் நான் பழைய காலத்துப் பிரெஞ்சுச் சிப்பாய். ஆங்கிலேயரோடு நடந்த சண்டைகளை ஆற்றங்கரைப் பூங்காவில் நடித்துக் காட்டும் குழுவில் இருக்கிறேன். எதிரி சுட்டதும் யார் விழுவது என்பதை நாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். ஜூலை வெய்யிலில் தடித்த கம்பளிக் கோட்டோடு நிற்கிறவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் வெடிக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருபது அடி தள்ளாடிப் போய், மேப்பிள் மர நிழலில் விழுந்துவிடுவது என் வழக்கமாக இருந்தது. குண்டு பட்டவன் இவ்வளவு தூரம் நடப்பானா என்று கேட்பவள் என் மனைவி மட்டும்தான்.

போன கோடையில் அவளும் அதே நிழலில் கதிரையைப் போட்டுவிட்டாள். நான் செத்து ஐந்து நிமிடம் இருக்கும்.

"இஞ்சாருங்கோ, கார்த் திறப்பு எங்கை? தண்ணிப் போத்தலை உள்ளுக்கை விட்டிட்டன்."

பிணம் பேசக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"உங்களைத்தான். கேக்குதோ இல்லையோ?"

முப்பது வருடப் பழக்கம். என் கை தானாகவே கோட்டுப் பைக்குள் போய்ச் சாவி வளையத்தோடு திறப்பை எடுத்து நீட்டியது. பார்த்துக்கொண்டிருந்த சனம் கைதட்டியது.

சண்டை முடிந்ததும் எங்கள் தளபதி, வார நாட்களில் பக்கத்து ஊரான புவாண்ட்-கிளேரில் பல் வைத்தியராக இருப்பவர், எனக்குத் தண்டனை அறிவித்தார். இனிமேல் நான் சாகக்கூடாது. கடைசிவரை உயிரோடு வெய்யிலில் நிற்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவியிடம் சொல்லிக் கவலைப்பட்டேன்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "இனி அந்த நிழலிலை எனக்குக் கால் நீட்ட இடம் இருக்கும்."