எரு மேட்டில் மூச்சு வாங்கும் வண்டி

அப்பா போன பிறகும் எங்கள் வீட்டில் மூச்சிரைப்புச் சத்தம் நிற்கவில்லை. எரு புரட்டும் நாட்களில் அது களத்துப் பக்கமிருந்து கேட்கும்.

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்கள் வயல். சாணம், வைக்கோல், தேங்காய் நார்த்தூள் எல்லாவற்றையும் வரப்பு மாதிரி நீளமாகக் குவித்து உரமாக்குகிறோம். உள்ளே சூடேறி வேகும் குவியலை அவ்வப்போது புரட்டிக் காற்றுக் காட்ட வேண்டும். அதற்கான மிஷினை வாங்கி அப்பாவின் பழைய டிராக்டருக்குப் பின்னால் மாட்டினேன். கடைக்காரர் அப்போதே எச்சரித்தார். "உங்க வண்டி முப்பத்தஞ்சு குதிரை சக்திங்க. நெத்தியில அப்படித்தான் எழுதியிருக்கும். பின்னாடி சுத்தற தண்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள நாலஞ்சு குதிரை வழியிலயே படுத்துக்கும். எரு பதமா இருந்தாச் சமாளிக்கும். ஈரமா இருந்தா இழுக்காதுங்க." நான் யார் பேச்சைக் கேட்டேன்?

இழுத்தது. அதுதான் தொல்லை. எரு மேட்டின் பெரும்பகுதியைச் சாதாரணமாகக் கடக்கும். வீட்டை ஒட்டிய கடைசிப் பக்கம் வந்ததும் எஞ்சின் சத்தம் கீழே இறங்கும். கரும்புகை கக்கும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீளும். நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த அப்பாவின் நெஞ்சு கடைசி நாட்களில் அப்படித்தான் ஏறி இறங்கியது. பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று, "இழுத்துட்டுக் கெடக்குதுங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று டிராக்டரைப் பார்த்தார். "ஏனுங்க, வண்டி இழுத்துட்டுக் கெடக்குது?" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

சத்தம் இறங்க ஆரம்பித்ததுமே கிளட்சை மிதித்துவிடுவேன். பின்னால் சுழல்வது நிற்கும், பாரம் விலகும், எஞ்சின் ஒன்றும் நடக்காத மாதிரி இரையும். மறுபடி கொஞ்ச தூரம், மறுபடி கிளட்ச். வண்டி கெட்டுவிடக் கூடாது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. தூக்கத்தில்கூட வந்தது. கடைசியில் அதை விற்றுவிட்டு ஐம்பது குதிரை வண்டி எடுப்பது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னபோது கீரையை ஆய்ந்துகொண்டே "ம்" என்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நல்ல வெயில் நாட்களிலும் மேட்டின் அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் சொதசொதவென்று இருந்தது. மண்ணுக்கடியில் குழாய் கசிகிறதோ என்று தோண்டியும் பார்த்தேன். ஒரு கசிவும் இல்லை. அப்புறம் ஒரு விடிகாலை களத்துக்குப் போனேன். எரு மேடு முழுக்க ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஆவிக்கு நடுவில் அம்மா நின்றிருந்தார், கையில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாய்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீதானா? ஏம்மா இப்புடிப் பண்றே? வண்டி செத்துப்போயிருமல்லோ!"

அம்மா குழாயைக் கீழே போடவில்லை. "அது கொஞ்சம் திணறட்டும்னுதான் கண்ணு."

"ஐயன் திணறுனதக் கேட்டது பத்தாதா உனக்கு?"

"இழுக்கறதக் கேக்கறக்கு இல்லடா. இழுத்து முடிச்சு மூச்சுத் திரும்புமல்லோ, அதைக் கேக்கோணும். உங்கய்யனுக்குத் திரும்பவே இல்ல. இதுக்காச்சும் திரும்புதான்னு பாத்தா, நீ நடுவால காலை வெச்சு அமுக்கிப்போடற."

போய் வண்டியை எடுத்தேன்.

கடைசிப் பக்கம் வந்தபோது காலைக் கிளட்சிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டேன். சத்தம் இறங்கியது. ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. அப்பாவின் கட்டிலருகில் நின்று பயந்த அதே பயம் திரும்ப வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். முடிந்தது என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு வெடிப்பு. இன்னொன்று. மிஷின் மேட்டைவிட்டு வெளியே வந்ததும் எஞ்சின் முழு மூச்சாக இரைந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அம்மா வந்து பானெட்டின்மேல் கையை வைத்தார். சுட்டிருக்கும். எடுக்கவில்லை.

"போதுஞ்சாமி," என்றார். "இனி வித்துக்கோ."

அதற்குப் பிறகு அவர் அந்தக் குழாயைத் தொடவே இல்லை. வண்டியை நான் இன்னும் விற்கவில்லை. எரு புரட்டும் நாளில், அம்மா எழுந்திருக்கும் முன்பே போய், மேட்டின் கடைசிப் பக்கத்துக்குத் தண்ணீர் விடுவது இப்போது நான்தான்.