என் தாடையில் குடியிருப்போர்

தாடை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். இன்று தோல் டொக்டரிடம் போனேன்.

“இது பரு இல்லை. மயிர்க்கால்களுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் இருக்கும். எல்லாருக்கும் இருக்கிறதுதான். உமக்குக் கூடிப்போச்சு, அதுதான் வீங்கியிருக்கு” என்றார்.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரியிடம் அதை அப்படியே சொன்னேன். தமிழர் வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸில் பதியவேண்டிய யுத்த காலம் இது; என் அண்ணா ஒரேயொரு நாள் தங்க வந்ததற்கே பொலிஸ் பதிவுக்கு ஓடியவர் அவர்.

அன்ரி முன்கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எத்தனை பேர், பிள்ளை?”

“ஆயிரக்கணக்கில இருக்கலாமாம், அன்ரி.”

“ஐயோ! பதிவில உம்மட பேர் மட்டும்தானே கிடக்கு! செக்கிங் வந்தா நான் என்னெண்டு சொல்லுறது?”

சிரிக்கிறவர்களே, எல்லாருக்கும் இருக்கிறதாம். உங்கள் முகத்தில் இருப்பவர்களைப் பதிந்தாயிற்றா?