ஊதாக்கா மறைக்காமல் சொன்னது

நாத்தனாரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளும் பெண்ணை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, என்னைப் பாருங்கள். என் கணவரின் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

சாயப்பட்டறையில் அவருக்குப் பெயர் ஊதாக்கா. எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஊதா நிறம் போகாது, அதனால் வந்த பெயர். நாளடைவில் கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்க்க வேண்டுமென்று பட்டறைக்குப் போனவர். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களிடம், "இவன் மீசை முளைக்கட்டும், பார்க்கலாம்" என்பாராம். தம்பிக்கு மீசை முளைத்து, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்து, நானும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவர் கல்யாணம் மட்டும் பேச்சாகவே நின்றுவிட்டது.

பட்டறையில் அவருக்குக் கலவை அறையில் வேலை. ஜன்னல் ஒன்று, தராசு ஒன்று, சுவரோரம் சாயப்பொடி டப்பாக்களும் சாக்குகளும். பக்கத்து அறையில் தொட்டிகள் கொதிக்கும், ஆவி இங்கேயும் வரும். வியாபாரி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதே நிறம் வேண்டும் என்பார். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் அள்ளி, கலக்கி, துணித்துண்டை முக்கிப் பிழிந்து, இஸ்திரிப்பெட்டியால் காயவைத்துப் பக்கத்தில் வைப்பார். எது அசல், எது நகல் என்று வியாபாரிக்கே தெரியாது. "அந்தம்மா பார்த்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் ஆர்டரே கொடுப்பார்கள்.

சாக்கைப் பிரித்தால் பொடி பறக்கும். மூக்கில் ஏறும், நாக்கில் லேசாகத் தித்திக்கும். கையுறை என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கையோடுதான் சாப்பாடு. துப்பினால் அன்றைய நிறம் வரும். சிறுநீர்கூடச் சில நாள் நிறம் மாறித்தான் போகும். அது அவர்களுக்குள் ஒரு கேலி. "இன்னைக்கு உனக்கு என்ன கலர்?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுச் சிரித்துக்கொள்வார்களாம்.

அந்தக் கேலிதான் ஆபத்தை மறைத்து வைத்திருந்தது. ஒருநாள் அவருக்குச் சிவப்பாகப் போனபோது அவர் கண்டுகொள்ளவில்லை. வலி இல்லை, எரிச்சல் இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மறுபடி வந்தபோது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார், நின்றுவிட்டது. மூன்றாவது முறை வந்தது, பட்டறை முழுக்க நீலம் மட்டும் ஓடிக்கொண்டிருந்த வாரத்தில்.

அன்று சாயங்காலம் சமையலறையில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"கொஞ்ச நாளா எனக்குச் சிவப்பாப் போகுது. இந்த வாரம் நான் சிவப்பைத் தொடவே இல்லை. அதுவும் இந்தச் சிவப்பு எங்க டப்பா எதுலயும் இல்லைம்மா. எனக்கு நல்லாத் தெரியும்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவருக்கு மாதவிலக்கு நின்று பல வருடம் ஆகியிருந்தது. "காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். லீவு கிடைக்காது என்றார். "லீவு கேக்க வேண்டாம், வரமாட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன். நான் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவரும் கட்டுப்பட்டார்.

ஸ்கேனில் மூத்திரப்பையின் உள்சுவரில் ஒரு சின்ன வளர்ச்சி தெரிந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். மெல்லிய குழாயில் கேமராவை வைத்து உள்ளே பார்க்க வேண்டும், அந்த வளர்ச்சியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிறகு கேள்விகள் கேட்டார். என்ன வேலை, எத்தனை வருடமாக, வீட்டில் குடிப்பது எந்தத் தண்ணீர், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. அப்புறம், "புகை பிடிப்பீங்களா?"

கூட வந்திருந்த என் கணவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் எங்க வீட்ல யாருக்குமே கிடையாதுங்க."

"பிடிப்பேன் டாக்டரம்மா" என்றார் அக்கா.

என் கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம்.

"பட்டறைக்குப் போன புதுசுல அந்த நாத்தம் தாங்காம வாந்தி வரும். கூட வேலை பார்த்த ஒருத்தர், இதைப் பிடிச்சுப் பாரு, அந்த வாடை தெரியாதுன்னு சொன்னார். பிடிச்சேன். வாடை தெரியலை. அப்புறம் விட முடியலை. பாய்லர் ரூம் பின்னாடி போய்ப் பிடிப்பேன். வீட்டுக்கு வரும்போது கிராம்பு மென்னுட்டு வருவேன்."

டாக்டர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "சொன்னது ரொம்ப நல்லதும்மா. நிறையப் பேர் சொல்லமாட்டாங்க" என்றார்.

சுரண்டி எடுத்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. பையின் உள்படலத்தோடு நின்றிருந்தது, ஆழமாகப் போகவில்லை. "சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் டாக்டர். அக்கா அழவில்லை. ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"எதனால வந்துச்சு?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். புகையில் இருக்கிற விஷம் நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் தள்ளுகிறது. அந்தச் சிறுநீர் பையில் மணிக்கணக்காகத் தேங்கி உள்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த நோய்க்குப் பெரிய காரணம் புகைதான். சில வகைச் சாயங்களில் இருக்கும் ரசாயனமும் அதே வழியில்தான் போகிறது. மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். ரப்பர், பெயின்ட், தோல் வேலை செய்கிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரை வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கும் வரலாம். எதுவானாலும் விளைவு தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகும்.

"இதுல உங்களுக்கு எதுனாலன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாதும்மா. ரெண்டும் சேர்ந்திருக்கலாம்."

அக்கா தலையாட்டினார். "கலந்த சாயத்தைப் பிரிக்க முடியாது. அது புரியுது" என்றார்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயே தூக்கிப் போடு. நான் போட்டா திரும்பப் பொறுக்கினாலும் பொறுக்குவேன்." நான் போட்டேன். அதன் பிறகு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். காரணமில்லாமல் எரிந்து விழுவார், இருப்புக் கொள்ளாமல் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் திரும்ப அடுக்குவார். என் வாழ்க்கையில் அந்த அலமாரி அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

சிகிச்சையும் வித்தியாசமாக இருந்தது. பிள்ளைகளுக்குக் காசநோய் வராமல் இருக்கப் போடுகிறார்களே தடுப்பூசி, அதே மருந்தைக் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். வாரம் ஒரு தடவை. வீட்டுக்கு வந்தால் எரிச்சலும் காய்ச்சலும் படுத்தி எடுக்கும். "இந்த வயசுல எனக்குப் பிள்ளைங்க ஊசி" என்று போர்வைக்குள்ளிருந்து முனகுவார்.

அந்தச் சிகிச்சை முடிவதற்குள்ளேயே, பட்டறைக்குப் போய் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பினார். என் கணவர் வழிமறித்தார்.

"சொல்லு, வேண்டாங்கலை. அந்தச் சிகரெட் விஷயத்தை மட்டும் விட்டுடுக்கா. அது தெரிஞ்சா பழி மொத்தத்தையும் உன் தலையில கட்டிடுவாங்க. அப்புறம் நாலு பேர் நம்மளை என்ன நினைப்பாங்க?"

"முதல்ல சொன்னியே, அது நியாயம். ரெண்டாவது சொன்னது உனக்காக."

"சரி, எனக்காகத்தான்னு வெச்சுக்கோ."

"பொய்யில ஆரம்பிச்சா பாதியில சாயம் வெளுத்துடும்டா. அப்புறம் நான் சொல்ற நிஜத்தையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

என் கணவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஆட்டோ பிடித்து அக்காவோடு போனேன்.

சாப்பாட்டு நேரம். துணி மடிக்கும் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நின்றபடியே பேச ஆரம்பித்தார். சிவப்பாகப் போனது, வலியே இல்லாதது, மாத்திரையில் நின்று ஏமாற்றியது, புற்றுநோய் என்று வந்தது, சாயமும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது, எல்லாம் சொன்னார். "கலர் கலராப் போகுதுன்னு சிரிச்சோமே, அதை இனிமேல் சிரிக்காதீங்க. சிவப்பாப் போனா ஒருநாள் போனாலும் போய்க் காட்டுங்க" என்றார். சிலர் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் தங்கள் விரல்களையே பார்த்தார்கள்.

இதற்குள் யாரோ போய்ச் சொல்லி முதலாளி வந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து பார்த்தவர்தான். ஆனால் அன்று அவர் முகம் இறுகியிருந்தது.

"ஏம்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா எனக்கும் வருத்தம்தான். ஆனா நீங்க பாய்லர் ரூம் பின்னாடி போய் சிகரெட் பிடிக்கிறது எனக்குத் தெரியும். இதை இவங்க முன்னாடி சொல்ல வேண்டாம்னுதான் பார்த்தேன். உங்க பழக்கத்தால வந்ததுக்கு என் பட்டறையைச் சொன்னா எப்படி?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ "அடப்பாவமே" என்றார்கள். எனக்குக் காது சுட்டது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அவர் அசையவே இல்லை.

"ஆமா முதலாளி, பிடிச்சேன். அதை நானே சொல்லத்தான் வந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க. புகைதான் பெரிய காரணம்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாயமும் காரணமா இருக்கலாம்னும் அவங்கதான் சொன்னாங்க. எது எவ்வளவுன்னு அவங்களாலயே சொல்ல முடியலை. அதனால நான் என் பங்கை நிறுத்திட்டேன். உங்க பங்கை எப்ப நிறுத்துவீங்க?"

முதலாளி பதில் சொல்வதற்குள் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பாய்லர் பார்க்கிறவர். ஆள் மலைபோல் இருப்பார். பெரிய மீசை. அவரையும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். பாய்லருக்கு வருவதற்கு முன் பல வருடம் தொட்டியில் நின்று துணியைப் புரட்டியவர்.

"எனக்கும் சிவப்பாப் போகுதுங்க. மூணு நாலு மாசமா. வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குச் சிகரெட், பீடி எதுவும் கிடையாது முதலாளி. உங்களுக்கே தெரியும்."

முதலாளிக்குத் தெரியும். பக்கத்தில் கிடந்த துணிக்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கி, "நானும் சின்ன வயசுல இந்தத் தொட்டிங்களைச் சுத்தித்தாங்க விளையாடினேன்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார். "என்ன செய்யணும்னு சொல்றீங்க?"

முதல் வேலையாக மீசையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார் அக்கா. அவருக்கும் கட்டி இருந்தது. அக்காவுடையதைவிடச் சற்றுப் பெரியது, ஆனாலும் எடுக்க முடிகிற அளவு. முதலாளியும் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் போய்வந்த பிறகுதான் வேலைகள் வேகமாக நடந்தன என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

பெயர் ஒட்டாமல் மலிவாக வரும் சாக்குகளை வாங்குவது நின்றது. பொடியை அப்படியே அள்ளாமல், மூடிபோட்ட பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று ஆனது. கலவை அறைக்குக் காற்றை வெளியே இழுக்கும் விசிறி வந்தது. கையுறை வந்தது, முகமூடி வந்தது. கை கழுவாமல் யாரும் சாப்பிட உட்காரக் கூடாது, கலவை அறையில் தின்பண்டமே கூடாது. வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொன்னால் அது பொய். வெயில் நாளில் முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாய்லர் ரூம் பின்னாலும் இன்னும் புகை வருகிறதுதான். சிலர் விட்டுவிட்டார்கள், சிலரால் முடியவில்லை. அவர்களை அக்கா திட்டுவதில்லை. அந்தக் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

இந்த நோய் திரும்பி வரும் குணம் உள்ளது. அக்காவுக்கும் ஒரு தடவை மிளகு அளவில் வந்தது. குறித்த நாளில் தவறாமல் கேமரா வைத்துப் பார்த்ததால் உடனே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சுத்தமாக இருக்கிறது. இப்போது பொடிப் பக்கம் போவதில்லை. காய்ந்து வரும் துணியின் நிறத்தைச் சரிபார்க்கும் வேலையை முதலாளியே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

என் கணவர் மட்டும் வெகுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மீசையின் மனைவி வீட்டுக்கு வந்து, "உங்கக்கா வாயைத் திறக்கலைன்னா என் வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் மறைச்சிருப்பார்" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த பரிசோதனைக்கு நான் அக்காவோடு கிளம்பியபோது என் கணவர், "நீ இரு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

போன மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள வேறொரு பட்டறையில் பெண்கள் அக்காவை வரச்சொல்லிக் கேட்டார்கள். பேசும்போது நடுவே ஒரு பெண் எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "டெஸ்டுக்குச் சின்ன டப்பாவுல பிடிச்சுக் குடுக்கச் சொல்றாங்களேக்கா, கையெல்லாம் ஆயிடுதே, எப்படிக்கா?" என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஒரு காலி டம்ளரை வாங்கி, புடவையைத் தூக்கிச் செருகி, குந்தி உட்கார்ந்து காட்டினார். "முதல்ல கொஞ்சம் விட்டுடு, நடுவுல பிடி. கழுவினாப் போயிடும், இதுல என்ன வெட்கம்?" என்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் தெரியவில்லை என்றார்கள். அவர்களுக்காக இன்னொரு தரம் உட்கார்ந்து காட்டினார்.