கயிறு கட்டிய காற்சட்டை

கிளிநொச்சியில் ஒரு தேநீர்க்கடை முன் பஸ் நிற்கிறது. இறங்கிக் கடைக்குள் போகிறேன். தொலைக்காட்சியில் பழைய ஊமைப்படம் ஓடுகிறது. ஏணியைத் தோளில் சுமந்த மெலிந்த மனிதன் ஒருவன் திரும்பும்போதெல்லாம், பின்னால் நிற்கும் பொலிஸ்காரன் அடிபட்டு விழுகிறான். பிறகு அவன் தப்பி ஓட, தொளதொளத்த காற்சட்டை இடுப்பில் கட்டிய கயிற்றையும் மீறி நழுவுகிறது. கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரிக்கிறேன்.

"பாருங்கோ தங்கச்சி, எங்கட வயலுக்கு வாற தோட்டக்காட்டான் மாதிரியே இருக்கிறான்," என்று பிளேன்டீயை நீட்டுகிறார் முதலாளி. "நான் குடுத்த பழைய காற்சட்டையை அவனும் கயித்தாலதான் கட்டுவான்."

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த எங்களை இங்கே இளக்காரமாகத் தோட்டக்காட்டான் என்றுதான் சொல்வார்கள். என் சிரிப்பு நின்றுவிடுகிறது.

"என்ர அப்பாவும் அப்பிடித்தான் கட்டுவார், அண்ணை. உருத்திரபுரத்தில கூலிவேலை. அந்தக் காற்சட்டையோடதான் என்னைப் பள்ளிக்கூடத்தில சேர்க்க வந்தவர். இப்ப நான் ரீச்சர்."

அவர் என் சேலையையும் கைப்பையையும் பார்க்கிறார்.

"சும்மா சொல்லாதேங்கோ. உங்களைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே!"

அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார். கேட்காமலே ஒரு வடையையும் என் முன் வைக்கிறார்.

திரையில் காற்சட்டை மறுபடி நழுவுகிறது. முதலாளி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.