பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பாட்டுகள்

தூரத்தில் நடந்த சாவுக்கு, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கேள்விப்படாதவனுக்கு அந்தத் தீட்டு இல்லை. அவன் கோயிலுக்குப் போகலாம், கலியாண வீட்டில் சாப்பிடலாம், பாட்டுக் கேட்கலாம். இதை எந்தக் காலத்தில் யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இப்படியான விதிகளில் பாதியைக் கடைப்பிடித்து, மீதியை வசதிக்கு ஏற்றபடி வளைத்து வாழ்ந்துவிட்டேன். ஆனால் போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஒரு விதியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் எங்கள் மகள் பாட இருந்தாள். ஆற்றின் தென்கரையில் உள்ள பெரிய மண்டபம். வயலினும் ட்ரம்பெட்டும் ஹார்ப்புமாக மேடை நிறைய ஆட்கள் இருந்து வாசிக்கும் ஓர்க்கெஸ்ட்ரா. அமெரிக்காவின் பழைய காலத்துப் பாட்டுகளை மட்டும் வாசிக்கிற நிகழ்ச்சி அது. விருந்தினராக மூன்று பாடகர்கள். அந்த மூன்றாவது ஆள் எங்கள் பிள்ளை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்து வளர்ந்தவள் அவள். வர்ணம் பாடுவாள், தேவாரம் பாடுவாள், கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை அவளிடம்தான் கொடுப்பார்கள். யூனிவர்சிட்டிக்குப் போன இடத்தில் இந்த அமெரிக்கப் பாட்டில் விழுந்தாள். எக்கவுண்டன்ட் வேலை எடுத்தாள், பிறகு அதைப் பாதி நாளாகக் குறைத்துவிட்டு ஹோட்டல்களிலும் பப்களிலும் பாடத் தொடங்கினாள். என் கணவருக்கு அது பொறுக்கவில்லை.

"குடிச்சுக்கொண்டு இருக்கிற சனத்துக்கு முன்னாலை என்ரை பிள்ளை நிண்டு பாடுறதோ?" என்று ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டார். அவளிடம் அதையும் கேட்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும். இவர் பேசாமல் இருந்தே ஆளைக் கொல்லுகிற சாதி. அவள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டாயா, ரயில் ஓடுதா என்று கேட்பார். பாட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஒரு நிகழ்ச்சிக்கும் போனதில்லை. பிள்ளையும் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான். ஆனால் மகள் போனபின் அவள் குடித்துவிட்டு வைத்த கோப்பையை அவர் தன் கையால் கழுவி வைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பிடிவாதத்தை உடைக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். இவருடைய தமையன். டொராண்டோவில் இருந்தார். தகப்பன் நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் இவரை வளர்த்துப் படிப்பித்தவர் அவர். எங்கள் வீட்டில் எனக்குங்கூட அவர் பெரியப்பாதான். அவர் சொன்னதை இவர் மறுத்துப் பேசி நான் கண்டதில்லை. அந்தப் பெரியப்பாவுக்கு இந்தப் பாட்டுகள் என்றால் உயிர். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில், கூட இருந்தவனின் ரேடியோவில் கேட்டுப் பிடித்த பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து மகளைப் பாடச் சொல்லிக் கேட்பார். நடுவில் தானும் சேர்ந்து, சுருதி ஓரிடம் தான் ஓரிடமாகப் பாடுவார். இவர் அந்த நேரம் பார்த்துக் குப்பை வாளியை வெளியே வைக்கப் போவார்.

தை மாதம் பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயிருந்து ஒருநாள் போன் எடுத்தார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார், நானும் பக்கத்தில் இருந்தேன்.

"டேய் தம்பி, எனக்கு இனிப் பிளேன் ஏற ஏலாது. பிள்ளையின்ரை பாட்டுக்கு நீ போ. முன்னுக்கு இருந்து கேள். கேட்டிட்டு வந்து, முதல் பாட்டிலையிருந்து கடைசிப் பாட்டு மட்டும் ஒண்டு விடாமல் எனக்குச் சொல்லு."

"ஓமண்ணை."

"அங்கை குடுக்கிற புத்தகத்தைப் பாத்து வாசிக்கிறேல்லை. அது எனக்கு இன்டர்நெற்றிலை இருக்கு. நீ கேட்டதைச் சொல்லு."

"ஓமண்ணை."

இவ்வளவுதான். ஏழு வருடம் நான் கெஞ்சியும் திட்டியும் நடக்காதது இரண்டு 'ஓமண்ணை'யில் நடந்தது. மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு எனக்குத் தனியாகப் போன் எடுத்துக் கேட்டாள்.

"அம்மா, அப்பா ரியலா வாறாரா? கடைசி நேரத்திலை கால் நோகுது, நீங்கள் போட்டு வாங்கோ எண்டு சொல்ல மாட்டாரே?"

"பெரியப்பாட்டை ஓமெண்டு சொன்னவர். வருவார்."

"அப்பா வந்தால் எனக்குப் பயம். வராட்டி…" என்று நிறுத்திவிட்டாள். வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு விளங்கியது. பிறகு அவள் இவரைக் கூப்பிடவே மாட்டாள்.

மறுநாள் காலை நான் குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். இவர் வெளியே நின்று கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. டொராண்டோவிலிருந்து பெரியம்மா.

"பிள்ளை, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

அங்கே அப்போது நடுச்சாமம். பெரியம்மா அழவில்லை, அழுது முடித்த குரல். "உன்ரை மகளுக்கு இண்டைக்குப் பாட்டெல்லே. அவர் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவார், பிள்ளை பாடி முடியட்டும். வட்ஸ்அப் குரூப்பிலை ஒருத்தரும் போடக்கூடாது எண்டு பெடியளுக்குச் சொல்லிப்போட்டன். தம்பிக்கு மட்டும் நீ பக்குவமாச் சொல்லு."

புருசனைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும் எங்கள் பிள்ளையின் பாட்டை யோசித்த மனுசிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதேன்.

பக்குவமாகச் சொல்ல நான் நினைக்கவில்லை. சொன்னால் இவர் அப்படியே இருந்துவிடுவார். சொந்தத் தமையன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை பாட்டு என்ற சொல்லுக்கே வீட்டில் இடமில்லை. பெரியப்பாவின் கடைசி ஆசையும் போகும், மகளும் போவாள். கேள்விப்பட்டால்தானே துடக்கு? துடக்கு என்னோடு இருக்கட்டும். இப்படி ஒரு வக்கீலைப் போல யோசித்து முடித்தபோது இவர் உள்ளே வந்தார். என் முகம் வீங்கியிருந்தது. தேத்தண்ணிக்கு வெங்காயம் வெட்டினேன் என்று சொல்லவும் முடியாது. நல்லகாலம், இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாமியறைக்குள் போகாமல் எப்படித் தப்புவது என்பது அடுத்த கவலை. காலையில் இருவரும் விளக்குக்கு முன்னால் நின்று திருநீறு பூசுவது வழக்கம். அன்று இவரே, "பிந்திப் போச்சு, வெளிக்கிடும்" என்றார். நிகழ்ச்சிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. நான் உடனே சேலை மாற்றப் போனேன்.

செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் எனக்கு இன்னொரு பயம் வந்தது. யாராவது தெரியாத்தனமாக இவருக்குப் போன் எடுத்தால்?

"உங்கடை போன் எங்கை?"

"வீட்டிலை விட்டிட்டன்."

பிள்ளையாரே என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, துடக்கோடு கும்பிட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

மகள் எங்களுக்கு எடுத்து வைத்திருந்தது முன்வரிசைக்கு அடுத்த வரிசை. வாசலில் கொடுத்த புத்தகத்தை இவர் திறக்கவில்லை, மடியில் கவிழ்த்து வைத்தார். ஓர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் வந்து ஏதோ பகிடி சொன்னார், சனம் சிரித்தது. முதல் பாட்டு தொடங்கியது. நரைத்த தலை வெள்ளைக்காரர் ஒருவர், ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பது போல அவ்வளவு லேசாகப் பாடினார். பாட்டு முடிந்ததும் இவருடைய பெருவிரல் சுண்டுவிரலின் முதல் கணுவில் போய் நின்றது. இரண்டாவது பாட்டு முடிய அடுத்த கணு.

தாளம் போடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. எண்ணுகிறார். பெரியப்பாவுக்குச் சொல்வதற்காக ஒவ்வொரு பாட்டாக விரலில் ஏற்றுகிறார்.

அந்த நேரத்தில் எழும்பி வெளியே ஓடவேண்டும் போல இருந்தது எனக்கு. கேட்பதற்கு ஆள் இல்லை என்று தெரியாமல் ஒரு மனிதன் இப்படிக் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறான், அது தெரிந்தவள் பக்கத்தில் இருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நம்பின என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று நினைத்தேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு கறுப்பினப் பெண் வந்து நிலாவைப் பற்றியும் வசந்தத்தைப் பற்றியும் பாடினாள். அருமையான குரல். எனக்குள் ஒன்றும் இறங்கவில்லை.

இடைவேளையில் எல்லாரும் ஐஸ்கிரீம் வாங்க எழும்பினார்கள். இவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"மூண்டாவது பாட்டிலை தனிய ஊதினது ட்ரம்பெட்டோ, மற்றதோ?"

"மற்றது. முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிறது. ட்ரோம்போன்."

"ட்ரோம்போன்" என்று மெல்லத் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் மகள் வந்தாள். கருநீல உடுப்பு, காதில் நான் கொடுத்த தோடு. வந்து நின்றதும் எங்கள் வரிசையைத்தான் தேடினாள். தகப்பனைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த மாற்றத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூன்று பாட்டுப் பாடினாள். கடைசிப் பாட்டுக்கு மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கிப் பியானோ மட்டும் நின்றது. போய்விட்ட ஒருவரை நினைத்து, அவர் இருந்த அறையைப் பார்த்துக்கொண்டு பாடுகிற பாட்டு. ஓரிடத்தில் அவள் ஒரு சொல்லை இழுத்து, ஒரு சின்னக் கமகம் கொடுத்து இறக்கினாள். அது அமெரிக்காவில் இல்லாத சாமான், சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் வாங்கியது. பிறகு வயலின்கள் மெதுவாக வந்து சேர்ந்தன.

மண்டபம் முழுவதும் எழும்பி நின்று கைதட்டியது. இவர் எழும்பவில்லை, கைதட்டவும் இல்லை. பெருவிரலைக் கடைசிக் கணுவில் அழுத்திப் பிடித்தபடி கல்லுப்போல இருந்தார். எனக்கு வந்த கோபத்தில், இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

மேடைப் பக்கத்து வாசலில் மகள் ஓடிவந்தாள். "அப்பா, எப்பிடி?"

இவர் அவள் தலையில் கை வைத்தார். "வீட்டை வா, சாப்பிடுவம்."

"சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னாலை வாறன். பெரியப்பாக்குப் போன் அடிச்சுச் சொன்னீங்களா?"

"வீட்டை போய்ச் சொல்லுறன்."

வீட்டுக்கு வந்ததும் இவர் கோட்டைக் கழற்றிவிட்டு நேரே மேலே ஏறினார். குளியலறைக் கதவு சாத்தியது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சளி பிடிக்கும் என்று மாசிப் பனியில் பின்னேரம் முகத்தைக்கூடக் குளிர்ந்த தண்ணீரில் கழுவாத மனிதர். வாளியில் பிடித்துத் தலையில் ஊற்றுகிறார், ஊற்றி ஊற்றி முழுகுகிறார். சாவுச் செய்தி கேட்டவர்கள் முழுகுகிற முழுக்கு. நான் படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். ரயிலில் போகிற நாளில் கார்க் கண்ணாடியில் என்ன வேலை என்று எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை?

வெள்ளை வேட்டியோடு, தலை சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்.

"காலமை அண்ணையின்ரை பெடியன் போன் எடுத்தவன். நான் காரடியிலை நிண்டனான்" என்றார். "நீர் குசினியிலை அழுததும் கேட்டது."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் என்னைப் போக விட்டிருக்க மாட்டீர். அண்ணை போகச் சொன்னவர். போகாமல் என்னெண்டு இருக்கிறது?"

ஹீட்டருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் துவாயைக் கொண்டுவந்து தலையில் போட்டுத் துடைத்தேன். பிறகு வலது கையை விரித்தார். பெருவிரலைச் சுண்டுவிரலின் முதல் கணுவில் வைத்தார்.

"அண்ணை, முதல் பாட்டு ஒரு வயசான ஆள் பாடினவர். கையைப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு. உங்களுக்குப் பிடிச்சிருக்கும். ரெண்டாவது கொஞ்சம் கெதி, மேளத்துக்கு ஈர்க்கு மாதிரி ஒண்டாலை தடவினவங்கள். மூண்டாவதிலை ட்ரோம்போன் தனிய ஊதினது…"

ஒன்றும் விடவில்லை. யார் பாடினார்கள், எந்த இடத்தில் சனம் சிரித்தது, எந்த வாத்தியம் எங்கே வந்து சேர்ந்தது, எல்லாம் சொன்னார். அவர் குரல் உடையவில்லை. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்கிற குரல். நான்தான் துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் முடிந்து கடைசிக் கணுவுக்கு வந்தபோது நின்றுவிட்டார்.

"அண்ணை," என்றார். "பிள்ளை வடிவாப் பாடினவள் அண்ணை. வலு வடிவு. நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை."

முன்கதவில் திறப்புப் போடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. கதவு திறந்து, குளிர்காற்று வந்தபிறகுதான் தெரிந்தது. நடையில் நின்று மகள் சந்தோசமாகக் கத்தினாள்.

"பெரியப்பாவோ? அப்பா, கட் பண்ணாதைங்கோ! ஸ்பீக்கரிலை போடுங்கோ, நானும் கதைக்கோணும்!"

சப்பாத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அந்த வீட்டில் இன்னும் கேள்விப்படாதவள் அவள் ஒருத்திதான்.