ஒரு வட்டமும் இரண்டு தொடலிகளும்

காலை பத்து இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எனக்கு மாலை வேலை. வீட்டில் தனியாக இருந்தேன். கொழும்பிலிருந்து மனைவியின் தம்பி.

"அத்தான், பதறாதேங்கோ. உங்கட பிள்ளையை ஆமிச் சென்றியில, சோதனை செய்யிற இடத்தில, மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

"ஏன்? என்ன செய்தவள்?"

"அவள் ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் அனுப்பின கணக்குத்தான். புத்தகத்துக்குள்ள இருந்ததாம். வட்டம் ஆமிக் காம்பாம், கோடு ரெண்டும் ரோட்டாம். எல்லாரும் பெண்சாதி பிள்ளையைச் சுகம் கேட்டு எழுதுறவை. நீங்கள் மட்டும்..."

இணைப்பு அறுந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் கணித ஆசிரியர். டென்மார்க்குக்குத் தனியாக வந்து, மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்க டென்மார்க் அமைச்சு மேலிடத்திலேயே சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் நாடறிய வெளிவந்தது. அப்போது எப்போது கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்.

அந்த நாட்களில் நகர நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. முந்நூறு வருடங்களுக்கு முந்திய ஐரோப்பியக் கணிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைப் பற்றியது. பலர் நேரில் கண்டதே இல்லை. சிலருடைய நாடுகளுக்கிடையே போர். ஒருவர் கணக்கை அனுப்புவார், அதன் நிறுவலை, அதாவது நிரூபணத்தை, தன்னிடம் வைத்துக்கொள்வார். ஒரு போட்டிக் கணக்குக்கு, தூரத்து நாட்டவருக்குச் செய்தி பிந்திப் போகும் என்று தவணையை நீட்டினார்களாம். தூரத்தில் இருப்பவனையும் ஒருவர் நினைத்திருக்கிறாரே என்று அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அந்த வழக்கத்தை மகளோடு தொடங்கினேன். கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் ஊர் நிலவரம் எழுத முடியாது. கணக்கு எழுதலாம். நான் கணக்கு அனுப்புவேன், அவள் நிறுவல் அனுப்புவாள். அவளுடைய கோடுகள் நேராக இருந்தால் வீட்டில் அமைதி என்று எடுத்துக்கொள்வேன். கடைசியாக அனுப்பியது ஒரு வட்டமும், வெளியிலுள்ள புள்ளியொன்றிலிருந்து அதைத் தொட்டுச் செல்லும் இரண்டு கோடுகளும், அதாவது தொடலிகளும். இரண்டும் சம நீளம் என்று நிறுவ வேண்டும்.

அதே புத்தகத்தில், லண்டனிலிருந்து எல்லோருடைய கடிதங்களையும் வாங்கிக் கைமாற்றிய ஒருவரும் இருந்தார். வெளிநாட்டாரோடு எழுதிக்கொள்கிறார் என்ற சந்தேகத்தில் அவரைச் சிறையில் போட்டார்கள். வாசித்தபோது பழைய கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அன்று வேலைக்குப் புறப்படும் முன், பிள்ளையை விட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இப்போதும் தொலைபேசி அடித்தால் முதலில் நேரத்தைப் பார்க்கிறேன்.

பிறகு நான் கணக்கு அனுப்பவில்லை. நலம், நலமறிய ஆவல் என்று எழுதினேன். அவளும் அப்படியே எழுதினாள். யாருக்கும் யாரும் எழுதக்கூடிய கடிதங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்க ஆளில்லாமல் மேசை முன் குந்தி, அந்தத் தொடலிக் கணக்கை நானே செய்வேன், அவள் எந்தப் புள்ளியில் தொடங்கியிருப்பாள் என்று யோசித்தபடி.

வருடங்கள் போய் அனுமதி வந்தது. கோபன்ஹேகன் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து மனைவி அழுதுகொண்டு வந்தாள். பின்னால் என்னைவிட உயரமாக ஒரு பெண். நேரே வந்து என் முன்னால் நின்று, பைக்குள் கைவிட்டுப் பேனையை எடுத்தாள்.

"எனக்குச் சிங்களம் தெரியாது, அப்பா. சென்றியில மறிச்ச ஆமிக்காரனுக்கு அந்தத் தொடலிக் கணக்கைப் படம் கீறியே நிறுவிக் காட்டினனான். விளங்கினபிறகுதான் விட்டவன். உங்களுக்குத்தான் இன்னும் காட்டேல்லை. பேப்பர் இருக்கோ?"